அரை மணித்தியாலம் எங்க போனது?

கணனி தெரிஞ்ச பெடியன் எண்டு ஒருக்கால் பேர் எடுத்திட்டால் முடிஞ்சுது. அச்சியந்திரம் வேலைசெய்யேல்லை, படம் இறங்கேல்லை எண்டு ஆரும் கூப்பிடுவினம். இந்த முறைப்பாடுகளுக்குள்ள மணிக்கூட்டுக்கு எப்பவும் ஒரு தனி இடம். "தம்பி, நேரம் பிழையாக் காட்டுது. நான் சரியாக்கிறன், அது திரும்பப் பிழையாப் போகுது." உடன எல்லாருக்கும் வாற மறுமொழி: "இன்ரநெற்றோட சிங்க் பண்ணுங்கோ." பண்ணுவினம். சிலவேளை சரிவரும், சிலவேளை வராது. ஏன் வராது எண்டு தேடப்போனால் கணனியை விட்டு வெளியில வந்து சரித்திரத்துக்குள்ள நிக்கவேண்டி வருது. இந்தப் பதிவு அதைப்பற்றித்தான்.

கணனி மணிக்கூட்டுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. முதலாவது, உலகத்துக்குப் பொதுவாக இப்ப எத்தனையாவது செக்கன்? ரெண்டாவது, அந்தச் செக்கனை எங்கட ஊரில எத்தனை மணி எண்டு சொல்லுறது? முதல் கேள்விக்கு அணுக் கடிகாரம் பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு ரயில் கொம்பனியும் அரசாங்கமும், சில இடங்களில் துவக்கு வைச்சிருந்தவையும் பதில் சொல்லியிருக்கினம். சிங்க் பண்ணுறது முதலாவதை மட்டும்தான் திருத்தும்.

லவாலில் ஒரு டொக்டர்

கதையைத் தொடங்க லவாலை விட்டு வெளியில போகத் தேவையில்லை. 1965 ஓகஸ்டில் 14 ஊராட்சிகளை ஒன்றாக்கித்தான் லவால் நகரம் உண்டானது. அதுக்கு முன்னம் இது 'இல் ஷேசு' எண்ட தீவில் இருந்த கிராமங்கள். அதில் ஒன்று சென் மார்த்தன். இப்ப பஸ் ஓடுற பெருந்தெருவின் பெயராக அது மிஞ்சியிருக்கு. இங்கிலாந்திலிருந்து வந்த சார்ள்ஸ் ஸ்மோல்வுட் எண்ட வைத்தியர் அந்தக் கிராமத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு அவதான நிலையம் கட்டி, மழை, காற்று, பனித்துகள், வான்பொருட்கள் எல்லாத்தையும் கணக்கெடுத்தார். 1863இல் அந்தக் கருவிகளோடு மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்க எழும்பின மக்கில் அவதான நிலையம்தான் பிறகு பல வருசம் மொன்றியலுக்கும் ரயில்களுக்கும் நேரம் சொன்னது.

அது சொன்ன நேரம் மொன்றியலின் சொந்த நேரம். சூரியன் உச்சிக்கு வாறதை வைச்சு எடுத்த கணக்கு. ரொறொன்ரோவுக்கு வேற நேரம், நியூயோர்க்குக்கு வேற நேரம். ரயிலில் ஏறின ஆளுக்கு இது பெரிய தலையிடி. கடைசியில் 1883 நவம்பர் 18இல் வட அமெரிக்க ரயில்வேகள் எல்லாம் நேர வலயங்களுக்கு மாறின. அண்டைக்கு மொன்றியல் மணிக்கூடுகள் ஐந்தரை நிமிசத்துக்குக் கொஞ்சம் கூடப் பின்னுக்குப் போயின. கனடாவில் வாழ்ந்த ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் இதுக்காகக் கனகாலம் வாதாடினவர். அடுத்த வருசம் 1884 ஒக்டோபரில் வாஷிங்டன் மாநாட்டில் கிறீனிச் கோட்டைப் பூச்சியமாக ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கட பக்கத்திலும் இதே கதைதான். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டின மதராஸ் அவதான நிலையத்தின் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் பல பத்து வருசம் ஓடின. அது கிறீனிச்சுக்கு 5 மணி 21 நிமிசம் முந்தியது. 1906 சனவரி 1இல் இந்தியா ஐந்தரை மணி நேரத்துக்கு மாறியது. இலங்கையும் அதே 1906இல் கொழும்பு உள்ளூர் நேரத்தை விட்டுப்போட்டு ஐந்தரைக்கு வந்தது. மணிக்கூட்டைப் பத்து நிமிசம் போல முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. ரெண்டாம் உலக யுத்த நேரம் 1942இல் இலங்கையில முதல் ஆறு மணி, பிறகு ஆறரை மணி எண்டு ரெண்டு தரம் தள்ளிப்போட்டு, 1945 ஒக்டோபரில் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். இதை மனசில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

பற்றறியும் பளிங்கும்

இனிக் கணனிக்கு வருவம். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசிக்கு நேரமே தெரியாது. ஒவ்வொருக்காப் போடேக்கையும் "இண்டைக்கு என்ன திகதி, என்ன நேரம்?" எண்டு எங்களிட்டயே கேக்கும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடியில்தான் பற்றறியில் ஓடுற மணிக்கூட்டுச் சில்லு ஒன்றைத் தாய்ப்பலகையிலயே வைச்சார்கள். இண்டைக்கும் மேசைக் கணனியைத் திறந்தால் காசு மாதிரி வட்டமா ஒரு பற்றறி தெரியும், சிஆர்2032, 3 வோல்ற். மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை உயிரோட வைச்சிருக்கிறது அதுதான்.

அந்த மணிக்கூட்டின் இதயம் ஒரு குவாட்ஸ் பளிங்கு. செக்கனுக்கு 32,768 தரம் அதிரும். 2ஐ 15 தரம் பெருக்கினால் வாற எண் அது, பாதி பாதியாகப் பிரிச்சுக்கொண்டு போனால் கடைசியில் சரியாக ஒரு செக்கன் கிடைக்கும். ஆனால் மலிவுப் பளிங்கு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை எண்டாலே ஒரு நாளைக்கு 1.7 செக்கன், மாசத்துக்கு 50 செக்கன் போல தவறும். இருபது டொலர் கைமணிக்கூட்டை விடப் பெறுமதியான கணனி மோசமாக ஓடுறதில அதிசயம் ஒண்டும் இல்லை.

இதைத் திருத்தத்தான் 'என்டிபி' எண்ட நேர ஒத்திசைவு முறை. அதை உருவாக்கினவர் டெலவெயர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ். 1985இல் முதல் வடிவம் ஆவணமாக வந்தது. 2024 சனவரியில் காலமானார்.

அவர் தீர்த்த பிரச்சினை என்ன? கோலிங் காட்டில் ஊருக்குக் கதைச்ச ஆக்களுக்கு இது உடன விளங்கும். நாங்கள் "ஹலோ" எண்டால் அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம், மறுமொழி வரக் கொஞ்ச நேரம். அந்த இடைவெளியில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைச்சு, ரெண்டு பேரும் நிப்பாட்டி... தெரியும்தானே. இப்படி ஒரு லைனில் "இப்ப சரியா பத்து மணி" எண்டு சொன்னால், கேக்கிறவருக்குப் போய்ச்சேரேக்கை அது பழைய செய்தி.

மில்ஸின் வழி இதுதான். என்ர கணனி தன்ர மணிக்கூட்டின்படி 10:00:00.000க்குக் கேள்வியை அனுப்புது எண்டு வைப்பம். நேரச் சேவையகம் தன்ர மணிக்கூட்டின்படி 10:00:05.040க்கு அதை வாங்கி, 10:00:05.050க்கு மறுமொழி அனுப்புது. என்ர கணனிக்கு அது 10:00:00.090க்கு வந்து சேருது. மொத்தமா 90 மில்லிசெக்கன் போயிருக்கு, அதில 10 சேவையகம் எடுத்த நேரம். மிச்சம் 80. போக 40, வர 40. அப்ப அது அனுப்பின நேரத்தோட 40ஐக் கூட்டினால் 10:00:05.090. என்ர மணிக்கூடு சரியா 5 செக்கன் பிந்தி நிக்குது. கணக்கு அவ்வளவுதான். போற நேரமும் வாற நேரமும் சமன் எண்ட ஒரு நம்பிக்கை மட்டும் இதுக்குள்ள இருக்கு.

இந்தத் தாமதக் கணக்கு இல்லாததால்தான் ஒரு பழைய கனடிய வழக்கம் செத்தது. 1939 நவம்பர் 5இலிருந்து தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் நேரக் குறி சிபிசி வானொலியில் ஒவ்வொரு நாளும் போனது. கொஞ்சம் மௌனம், பிறகு நீட்டி ஒரு "பீஈஈப்". அது தொடங்கிற செக்கன்தான் சரியான மணி. கைமணிக்கூட்டைத் திருப்பி வைச்ச சனம் கனக்க. பிறகு செய்மதி, இணையம் எண்டு பல வழியால வானொலி வரத்தொடங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் பீப் ஒவ்வொரு நேரத்தில் வந்தது. 2023 ஒக்டோபர் 9ஆம் திகதியோடு நிப்பாட்டினார்கள்.

ஒரு தீவு, ரெண்டு நேரம்

இதுவரைக்கும் முதல் கேள்வி. இனி ரெண்டாவது.

1996இல் இலங்கையில் மழை பொய்த்தது. அந்தக் காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின். நீர்த்தேக்கங்கள் வத்த, பின்னேர மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேண்டி வந்தது. மே 25ஆம் திகதி தொடக்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஐந்தரையிலிருந்து ஆறரை. ஒக்டோபர் 26இல் அரை மணி குறைச்சு ஆறு ஆக்கினார்கள். யுத்த காலத்தில் வந்த அதே ரெண்டு எண்கள், இந்தமுறை தலைகீழாக.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்க மணிக்கூடுகள் ஐந்தரையிலேயே நின்றன, அதாவது இந்திய நேரத்தில். பேச்சில் 'பழைய நேரம்', 'புது நேரம்' எண்டு ஆனது. 2002இல் யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தபோது, வவுனியாவில் இருந்து ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைக்கவேணும். முகமாலையால் யாழ்ப்பாணத்துக்குள் போனால் திரும்ப முன்னுக்கு. ஒரே நேர்கோட்டில் வடக்கு நோக்கிப் போற ஒரு பயணத்தில் ரெண்டு தரம் நேரம் மாறுறது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கும்?

கனடாவிலிருந்து கூப்பிட்ட ஆக்களுக்கு இது சிக்கலுக்கு மேல சிக்கல். இங்க வருசத்துக்கு ரெண்டு தரம் மணிக்கூடு மாறும். 1996 ஒக்டோபர் கடைசி வாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கோ. 25ஆம் திகதி மொன்றியலுக்கும் கொழும்புக்கும் இடைவெளி பத்தரை மணி. 26ஆம் திகதி இலங்கை குறைக்க, பத்து மணி. 27ஆம் திகதி ஞாயிறு கனடாவில் கோடைகால நேரம் முடிய, பதினொரு மணி. மூண்டு நாளில் மூண்டு கணக்கு. அதே ஞாயிறு மல்லாவிக்கு எண்டால் பத்தரை. யாழ்ப்பாணத்தில் அம்மா, வன்னியில் அண்ணன் எண்டு குடும்பம் பிரிஞ்சிருந்த வீடுகளில் இந்த அரை மணியை நெஞ்சில எழுதி வைச்சிருந்தவை.

2006இல், சித்திரைப் புத்தாண்டு நாள் முடிய, ஏப்ரல் 15ஆம் திகதி 0:30ஐ 0:00 ஆக்கி இலங்கை திரும்பவும் ஐந்தரைக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையள் இருட்டில எழும்பவேண்டிக் கிடக்கு எண்டது பத்து வருசமா இருந்த முறைப்பாடு. ஒரு தசாப்தத்துக்குப் பிறகு ஓமந்தைக்கு ரெண்டு பக்கமும் மணிக்கூடுகள் ஒரே நேரத்தைக் காட்டின. நாலு மாசம்கூட ஆகேல்லை, ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடிச்சு அந்தப் பாதை மூடுப்பட்டது. நேரம் ஒன்றான இடத்தில் பாதை இல்லாமல் போச்சு.

கணனிகள் இதை எப்படி எழுதி வைச்சன?

விண்டோஸ் எக்ஸ்பியில் இலங்கைக்கு 'ஸ்ரீ ஜயவர்தனபுர' எண்ட பெயரில் ஒரு வரி, ஆறு மணி. 2006 ஏப்ரலில் நாடு மாற, அந்த வரி உடன மாறவில்லை. மைக்ரோசொஃப்டின் திருத்தம் வந்து, அதைப் போடும்வரைக்கும் எத்தனை தரம் சிங்க் பண்ணினாலும் அரை மணி கூடத்தான் காட்டியிருக்கும். செக்கன் அச்சாவா இருக்கும், மணி பிழை. அதற்குக் கைமருந்து, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி எண்டிருந்த வரியைத் தெரிவுசெய்யிறது. இதில இன்னொரு வில்லங்கம்: எக்ஸ்பி ஒரு வலயத்துக்கு ஒரு விதியைத்தான் வைச்சிருந்தது. அதைத் திருத்தினால் 2003இல் வந்த மின்னஞ்சலின் நேரமும் அரை மணி நகரும். புது விதி பழைய காலத்தை அழிச்சுப்போடும்.

லினக்ஸும் இப்ப எங்கட கைத்தொலைபேசிகளில் முக்காவாசியும் பாவிக்கிறது வேற ஒரு அட்டவணை. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பிறகு போல் எக்கெர்ட் தொகுத்து வாற நேரவலயத் தரவுத்தளம். அதில ஒவ்வொரு ஊருக்கும் எந்தத் திகதியிலிருந்து எந்த நேரம் எண்டு வரிசையா எழுதிக்கிடக்கு. 1906, 1942, 1945, 1996, 2006 எல்லாம் கொழும்பின் கீழ இருக்கு. பழையதை அழிக்காது, கீழ ஒரு வரி சேர்க்கும்.

அந்த மூலக் கோப்பில் இலங்கைக்கு மேல சில குறிப்புகள் இருக்கு. 2006 ஏப்ரல் 18 திகதியிட்ட குறிப்பில் எக்கெர்ட் எழுதியிருக்கிறதன் சாரம் இது: தமிழர் கட்டுப்பாட்டில் இருக்கிற பகுதிகளில் வாழுற ஆக்கள் இந்தியாவின் வலயத்தைப் பாவிக்கலாம், 1970க்குப் பிறகு அந்தப் பகுதிகளின் நேரம் அதோடதான் ஒத்துப்போகுது. அவ்வளவுதான். ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அந்த மனிதருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: அங்க சுவரில தொங்கின மணிக்கூடு என்ன காட்டினது?

1970க்குப் பிறகு ரெண்டு ஊரின் மணிக்கூடுகள் ஒத்துப்போனால் தனி வலயம் தேவையில்லை எண்டது அந்தத் தரவுத்தளத்தின் பொது விதி. இதே விதியால் மொன்றியலும் தனி இடத்தை இழந்தது. முந்தி தனி வலயமாக இருந்த மொன்றியல் இப்ப ரொறொன்ரோவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். கியூபெக் ஆக்களிட்ட இதைச் சொல்லிப் பாருங்கோ, முகம் போற போக்கை!

அப்ப என்ன செய்யிறது?

மணிக்கூடு எவ்வளவு பிழை எண்டு முதலில அளவுங்கோ. பிழையின் அளவே வருத்தத்தைச் சொல்லும்.

கொஞ்சம் கொஞ்சமா செக்கன், நிமிசம் தவறினால் பளிங்கு. சிங்க் அதைப் பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பி கிழமைக்கு ஒருக்கால்தான் சிங்க் பண்ணினது, அந்த இடைவெளியைக் குறைச்சால் சரி. தீச்சுவர் 123ஆம் வாயிலை மறிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ, என்டிபி அதாலதான் போய் வரும்.

ஒவ்வொருக்காப் போடேக்கையும் திகதி பல வருசம் பின்னுக்குப் போனால் காசுப் பற்றறி செத்துப்போச்சு. அந்த நிலையில் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறவாது, சான்றிதழ் இன்னும் பிறக்கேல்லை எண்டு உலாவி நினைக்கும். எக்ஸ்பி போல சில இயங்குதளங்கள் பிழை 15 மணித்தியாலத்துக்கு மேல எண்டால் சிங்க் பண்ணவும் மறுக்கும். முதலில் கையால திகதியை வைச்சுப்போட்டுத்தான் சிங்க்.

லவாலில் சரியா 5 மணி (கோடையில் 4 மணி) பிழைச்சால், கணனியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருக்குது எண்டு அர்த்தம். லினக்ஸ் சில்லில் கிறீனிச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் எண்டு வாசிக்கும். ரெண்டில ஒண்டை மற்றதின்ர வழிக்குக் கொண்டுவாங்கோ.

சரியா ஒரு மணி பிழைச்சால் கோடைகால விதி பழசு. 2007இல் கியூபெக் அந்த நாட்களை மாத்தி, ஏப்ரல் முதல் ஞாயிறு மார்ச் ரெண்டாம் ஞாயிறானது. திருத்தம் போடாத கணனிகள் அந்த வருசம் மார்ச் 11 தொடக்கம் மூண்டு கிழமை பிந்தி நின்றன.

சரியா அரை மணி பிழைச்சால்... அது கொழும்பு.

'இதெல்லாம் முடிஞ்சுபோன கதைதானே, இப்ப தொலைபேசியே எல்லாத்தையும் பார்க்குது' எண்டு நினைக்கலாம். முடியேல்லை. 1996க்கும் 2006க்கும் இடையில பிறந்த பிள்ளையளுக்கு இப்பதான் கலியாணம் பேசுற வயசு. சாதகம் கணிக்கக் கணனி நிரலில் பிறந்த நேரத்தைக் கொடுக்கினம். நிரல் இலங்கை எண்டால் ஐந்தரை எண்டு எடுத்தால்? 1996 யூலையில் யாழ்ப்பாணத்தில் காலை 6:10க்குப் பிறந்த பிள்ளை உண்மையில் பழைய கணக்கில் 5:10க்குப் பிறந்தது. ஒரு லக்கினம் ஏறக்குறைய ரெண்டு மணித்தியாலம். ஒரு மணி பிழைச்சால் அரை ராசி போச்சு, லக்கினமே மாறலாம். சாதகத்தை நம்புறது நம்பாதது வேற விசயம், நம்புறவைக்கு இதில சம்பந்தம் குழம்பும்.

கொழும்பு அட்டவணையைச் சரியாகப் பின்பற்றுகிற நிரலும் வன்னியில் பிறந்த பிள்ளைக்குப் பிழை விடும், அங்க எழுதின நேரம் பழைய நேரம். கிளிநொச்சி நகரம் 1996 செப்டெம்பரிலிருந்து 1998 செப்டெம்பர் வரை இராணுவத்திடம், பிறகு புலிகளிடம். ஆனையிறவு 2000 ஏப்ரலில் கைமாறியது. எல்லை நகர நகர நேரமும் நகர்ந்தது. இதுக்கு எந்த அட்டவணையிலும் தனி வரி இல்லை. அப்பா, அம்மாவைக் கேட்டால்தான் உண்டு.

ஆகவே ஆரும் அந்தப் பத்து வருசத்துக்குள்ள பிறந்த ஒரு குறிப்பைக் கொண்டுவந்து "இதைக் கணனியில போட்டுத் தா தம்பி" எண்டால், முதல் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை மணி எண்டதில்லை. ஆரின்ர மணிக்கூட்டில?